குகெல் செய்வது எப்படி: சீனியும் மிளகும் ஒரே சட்டியில்

கிழக்கு, நடு ஐரோப்பாவில் வேர்கொண்ட அஷ்கெனாசி யூதர்களின் ஓய்வுநாள் விருந்தில் பெரும்பாலும் இடம்பெறும் ஒரு சுட்ட பண்டத்துக்குக் குகெல் என்று பெயர். நூடுல்ஸையோ துருவிய உருளைக்கிழங்கையோ முட்டையாலும் கொழுப்பாலும் பிணைத்து, மேற்புறம் முறுகவும் உட்புறம் குழையவும் சுட்டெடுத்து, கத்தியால் துண்டு போட்டுப் பரிமாறுவார்கள். ஆங்கிலச் சமையல் நூல்கள் இதைப் புட்டிங் என்று வகைப்படுத்திவிட்டதால், பாலில் குழைந்த ஓர் இனிப்பை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இனிப்புக் குகெல்களும் இருக்கின்றன என்றாலும், உப்பும் மிளகும் இட்டு, கோழிக்கும் மாட்டிறைச்சிக்கும் பக்கத்துணையாக வைக்கப்படுபவை ஏராளம். இந்தக் கட்டுரையில் எருசலேம் குகெலை விரிவாகவும், உருளைக்கிழங்குக் குகெலைச் சற்றுச் சுருக்கமாகவும் செய்யக் கற்றுக்கொள்ளலாம்.

பெயரைச் சரியாக உச்சரிப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் ககரத்தைக் 'கல்' என்னும் சொல்லில் ஒலிப்பது போலவும், இரண்டாவதைத் 'தங்கம்' என்னும் சொல்லில் ஒலிப்பது போலவும் சொல்ல வேண்டும். முதலெழுத்தைக் குறிலாக வைத்துக்கொள்ளுங்கள். நெடிலாக்கினால் தமிழில் அது தேடுபொறியின் பெயராகக் காதில் விழும். அஷ்கெனாசி யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷ், எபிரேய எழுத்துகளில் எழுதப்படும் ஒரு ஜெர்மானிய மொழி. அதில் இச்சொல் இடைக்கால உயர் ஜெர்மனிலிருந்து வந்தது, பொருள் உருண்டை. இன்றைய ஜெர்மனிலும் பந்து, கோளம், துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றுக்கு இதுவே சொல். தட்டையாகச் சதுரத் துண்டு போடும் பண்டத்துக்கு உருண்டை என்று ஏன் பெயர் வந்தது என்றால், தொடக்கத்தில் அது உண்மையாகவே உருண்டையாக இருந்தது. ஜெர்மன் நிலப்பகுதியில் வாழ்ந்த யூதர்கள் ரொட்டித் துணுக்கையும் மாவையும் பிசைந்து, ஓய்வுநாளுக்காக இரவு முழுவதும் வேகும் சோலண்ட் என்னும் கூட்டுக்குழம்பின் நடுவே வைத்து வேகவைத்தார்கள். குழம்பின் சாற்றையும் கொழுப்பையும் குடித்து அது பருத்தது. பிற்பாடு முட்டை சேர்ந்தது, ரொட்டியின் இடத்துக்கு நூடுல்ஸும் உருளைக்கிழங்கும் வந்தன, குழம்பை விட்டு வெளியேறி அதற்கெனத் தனிச் சட்டியும் கிடைத்தது. வடிவம் மாறிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 'வட்டம் போல' என்று பொருள்படும் எபிரேயத் தொடரோடு இப்பெயரை இணைத்து, பாலைவனத்தில் வானிலிருந்து பொழிந்ததாக வேதம் சொல்லும் மன்னா என்னும் உணவின் உருண்டை வடிவத்தை இது நினைவூட்டுகிறது என்று சொல்லும் வழக்கமும் பக்தர்களிடையே உண்டு. சொல்லாராய்ச்சியாக அது நிற்காது. சொல் விளையாட்டாக அழகானது.

பெயரின் முதல் உயிரெழுத்தில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. லித்துவேனியா, பெலாரஸ் பக்கத்து யூதர்கள் குகெல் என்பார்கள். போலந்து, அதையொட்டி இன்றைய உக்ரைன் வரை நீளும் கலீசியா பக்கத்தவர்கள் கிகெல் என்பார்கள். அந்தப் பக்கத்து யிட்டிஷில் உகரம் பல சொற்களில் இகரமாக மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஒலி எல்லைக்கு ஏறக்குறைய நெருக்கமாகவே ஒரு சுவை எல்லையும் ஓடுவதை மொழியியலாளர்கள் கண்டார்கள். மீன் உருண்டையில் மேற்கே சீனி போடுவார்கள், கிழக்கே மிளகு போடுவார்கள். போலந்தில் பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் தொழில் வளர்ந்ததை இதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. கல்யாணமாகி மறுபக்கம் போன பெண்கள் மாமியார் வீட்டு மீனைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நாம் செய்யப்போகும் எருசலேம் குகெலில் இரண்டு பக்கமும் ஒரே சட்டிக்குள் இறங்கிவிடுகின்றன: கருக்கிய சீனியும் இருக்கிறது, நாக்கைச் சுரண்டும் அளவுக்கு மிளகும் இருக்கிறது.

அடுப்படிக்குப் போகுமுன் ஓய்வுநாளின் விதியை அறிந்துகொண்டால், செய்முறையில் வரும் பல படிகளுக்குக் காரணம் தானாகவே விளங்கும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரிவது வரை நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் விலக்கப்பட்டவை. விளக்கேற்றும் நேரம் பல ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன்பும், எருசலேமில் வழக்கப்படி 40 நிமிடங்களுக்கு முன்பும் வந்துவிடும். அதற்குள் எல்லாம் வெந்திருக்க வேண்டும். சமைத்ததைச் சூடாக வைத்திருக்கத் தடை இல்லை. எனவே எரியும் அடுப்பின் மேல் பிளெக் என்னும் தகரத் தகட்டை முன்னதாகவே போட்டு, அதன் மேல் சட்டிகளை வைத்துவிடுவார்கள். இஸ்ரேலில் இன்று மின்சாரச் சூட்டுத் தட்டுதான் பெரும்பாலான வீடுகளில் அந்த வேலையைச் செய்கிறது. பழைய சிற்றூர்களில் வெள்ளி மாலையில் சட்டிகளை ரொட்டி சுடுபவரின் பெரிய அடுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் தொழுகை முடிந்ததும் வாங்கி வருவார்கள். ஆகவே, பதினைந்து மணி நேரம் மெல்லிய சூட்டில் கிடந்தாலும் கெடாமல், கிடக்கக் கிடக்கச் சுவை கூடுகிற ஒரு பண்டம்தான் இந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்பட்டது. குகெலில் கொழுப்பும் முட்டையும் தாராளமாக இருப்பதைப் பார்த்துக் கை கூசி அவற்றைக் குறைக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குறைத்தால் காய்ந்த வரட்டிதான் கிடைக்கும்.

கொழுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் விதி உண்டு. இறைச்சியோடு பாலையோ பால்பொருளையோ சேர்த்து உண்பது யூத உணவு விதிப்படி கூடாது என்பதால், இறைச்சி விருந்துக்குரிய குகெலில் வெண்ணெயும் நெய்யும் இடம்பெறா. வாத்து அல்லது கோழிக் கொழுப்பை வெங்காயத்தோடு உருக்கி எடுக்கும் ஷ்மால்ட்ஸ்தான் பழைய வழி. இன்று பெரும்பாலும் மணமில்லாத தாவர எண்ணெய். நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் தவிர்த்துச் சூரியகாந்தி எண்ணெயை எடுங்கள், ஏனெனில் கருக்கிய சீனியின் மணம் மென்மையானது, எள்ளின் வாசனை அதை அமுக்கிவிடும். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்து, இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிண்ணத்தில் சேர்ப்பதும் அந்த அடுக்களைகளின் பழக்கம். புள்ளி இருந்தால் அந்த முட்டை ஒதுக்கப்படும்.

எருசலேம் குகெலுக்கு வருவோம். வில்னா நகரத்துப் பெரும் அறிஞரான காவோனின் (1720–1797) சீடர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறியபோது இதைக் கொண்டுவந்தார்கள் என்பது எருசலேமில் வழங்கும் பேச்சு. 1874இல் எழுந்த மேயா ஷெயாரிம் குடியிருப்பிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும், வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாளே பெரிய உருளை வடிவக் குகெல்களை வெட்டி எடைபோட்டு விற்கும் கடைகள் இன்றும் உண்டு. 23 அல்லது 24 செ.மீ. விட்டமுள்ள, ஆழமான ஒரு வட்டச் சட்டிக்கு, அதாவது எட்டுப் பேருக்கு, மெல்லிய முட்டை நூடுல்ஸ் 350 கிராம், வெள்ளைச் சீனி 170 கிராம், எண்ணெய் 120 மில்லி, முட்டை 4, மட்டமாக வழித்த தேக்கரண்டியில் உப்பு ஒன்றரை, புதிதாகக் கொரகொரப்பாகப் பொடித்த கருமிளகு 2 தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை நூடுல்ஸ் கிடைக்காவிட்டால் மிக மெல்லிய ஸ்பகெட்டி பொருந்தும். சேமியாவைப் பரிந்துரைக்க மாட்டேன். குட்டை குட்டையாக ஒடிந்திருப்பதால் சேமியாக் கிச்சடி இறுகினாற்போல் ஆகிவிடும், வெட்டிய துண்டின் பக்கவாட்டில் இழை இழையாகத் தெரிய வேண்டிய அழகு வராது.

நிறைய உப்புத் தண்ணீரில் நூடுல்ஸைப் பாக்கெட்டில் குறித்ததைவிட இரண்டு நிமிடம் குறைவாக வேகவிட்டு, தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை வடிதட்டில் வடித்து, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி, வெந்த பாத்திரத்திலேயே திரும்பப் போட்டு மூடி வையுங்கள். இரண்டு செய்திகள் இதில் முக்கியம். ஈரம் மிகுந்திருந்தால் சீனி விழும்போது படபடவென்று தெறித்துக் கையைச் சுடும். நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தால் சீனி விழுந்த இடத்திலேயே கண்ணாடிபோல் இறுகும்.

இனி சீனியைக் கருக்க வேண்டும், குகெலின் தலையெழுத்து தீர்மானமாகும் இடம் இதுதான். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நாம் பழகியவை தண்ணீர் சேர்த்த பாகுக்கு உரியவை. இங்கே தண்ணீர் கிடையாது, எண்ணெயில் சீனி நேரடியாக உருகுகிறது. அடிகனமான வாணலியில் எண்ணெயையும் சீனியையும் ஒன்றாக விட்டு, மிதமான தீயைவிடச் சற்றுக் குறைவாக வைத்து, நீண்ட மரக்கரண்டியால் கிளறுங்கள். முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. எண்ணெய்க்கடியில் சீனி ஈர மணல் போலக் கிடக்கும். பிறகு அது கட்டிகளாகத் திரளும், கெட்டுவிட்டதோ என்ற ஐயம் வரும், கெடவில்லை. கட்டிகளின் ஓரம் மஞ்சளாகி, பழுப்பாகி, ஒழுகத் தொடங்கும். கட்டி முழுவதும் உருகியதும் அடியில் பழுப்புக் குழம்பும் மேலே தெளிந்த எண்ணெயுமாகப் பிரிந்து நிற்கும். இரண்டும் கலக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், எண்ணெயும் உருகிய சீனியும் ஒன்றாகக் கலப்பவை அல்ல. நூடுல்ஸில் விழுந்த பிறகு இரண்டும் தத்தம் இடத்தைத் தேடிக்கொள்ளும். தொடங்கிய பத்தாம் நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. தேனின் நிறத்தில் இறக்கினால் குகெல் வெறும் இனிப்பாக இருக்கும். பால் விடாத கடுந்தேநீரின் செந்நிறத்தில், மெல்லிய புகை ஓரிழை எழும்பும் கணத்தில் இறக்கினால் இனிப்புக்கு அடியில் ஒரு சிறு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புதான் மிளகோடு கைகோக்கிறது. அதையும் தாண்டி அரை நிமிடம் விட்டால் கரி. கரியானதைக் காப்பாற்ற வழி இல்லை, புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். குழந்தைகளை இந்நேரத்தில் அடுப்பருகே விடாதீர்கள். உருகிய சீனி தோலில் ஒட்டிக்கொண்டே சுடும்.

நிறம் வந்ததும் தயங்காமல் நூடுல்ஸின் மேல் மெல்லிய தாரையாகச் சுற்றிச் சுற்றி ஊற்றி, இடுக்கியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். எவ்வளவு விரைந்தாலும் இங்குமங்கும் சில துண்டுகள் பளிங்காக இறுகத்தான் செய்யும். பாத்திரத்தை மிகக் குறைந்த தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் புரட்டினால் பெரும்பாலானவை இளகிவிடும். எஞ்சிய சிறு துணுக்குகள் ஓவனில் கரைந்துகொள்ளும். வெள்ளையாக இருந்த இழைகள் எல்லாம் இப்போது ஒரே சீரான பழுப்பில் மின்ன வேண்டும்.

அடுத்தது காத்திருத்தல். உள்ளங்கையைப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தால் பொறுக்கும் அளவுக்கு, ஏறத்தாழ 15 நிமிடம், ஆறவிடுங்கள். முதல்முறை செய்தபோது நான் இதைப் பொருட்படுத்தாமல் சூட்டோடு சூடாக முட்டையை ஊற்றிவிட்டேன். கண்ணெதிரிலேயே அது முட்டைப் பொரியலாகத் திரண்டு, சீனிப்பாகில் தோய்ந்த பொரியலைச் சாப்பிட வேண்டியதாயிற்று. ஆறிய பின் முட்டையை உப்போடும் மிளகோடும் நன்றாக அடித்து ஊற்றிப் பிசறுங்கள். மிளகின் அளவு கூடுதலாகத் தோன்றலாம், ஆனால் சுட்ட பிறகு காரம் ஓரளவு அடங்கிவிடும். கலவையில் ஓர் இழையை எடுத்துப் பச்சையாகச் சுவைக்க மனமில்லாவிட்டால், ஒரு கரண்டி கலவையைத் தோசைக்கல்லில் தட்டி வேகவைத்துப் பார்த்து, உப்பையும் மிளகையும் திருத்திக்கொள்ளலாம்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். சட்டிக்குள் இரண்டு கரண்டி எண்ணெயை விட்டு ஐந்து நிமிடம் ஓவனில் காயவைத்து, வெளியே எடுத்து எண்ணெயை எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, கலவையைக் கொட்டினால் 'சுர்' என்ற ஓசை கேட்க வேண்டும். அடியும் ஓரமும் முறுகுவதற்கு அந்த ஓசையே உத்தரவாதம். மேற்பரப்பைச் சமப்படுத்தி, மூடாமல், ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை சுடுங்கள். பொன்னிறம் போதாது, மேலே துருத்தும் இழைகள் கரும்பழுப்பாகி, தட்டினால் சலசலக்க வேண்டும். எடுத்துப் பத்து நிமிடம் அடங்கவிட்டு, கத்தியை ஓரத்தில் ஒருமுறை ஓட்டி, தட்டைக் கவிழ்த்து மூடி, ஒரே வீச்சில் புரட்டுங்கள். கடைக்காரர்களின் வழியில் செய்ய விரும்பினால், 180 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு முட்டை இறுகியதும், அலுமினியத் தாளால் காற்றுப் புகாமல் மூடி, 100 டிகிரியில் எட்டுப் பத்து மணி நேரம் இரவு முழுவதும் விட்டுவிடலாம். அப்போது முறுகல் குறையும், நிறம் உள்வரை ஆழ்ந்து, இழைகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்திருக்கும். எனக்கு இதுவே மேலானதாகப் படுகிறது. மொறுமொறுப்பை விரும்புபவர்கள் முதல் வழியிலேயே நிற்கட்டும்.

உருளைக்கிழங்குக் குகெல் வயதில் இளையது. அக்கிழங்கு கிழக்கு ஐரோப்பாவின் ஏழை எளியவர்களின் அன்றாட உணவாக மாறியதே 19ஆம் நூற்றாண்டில்தான். ஒன்றரை கிலோ கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், முட்டை 5, எண்ணெய் 120 மில்லி, உப்பு 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி போதும். துருவிய கிழங்கு காற்றுப் பட்டதும் சில நிமிடங்களில் சாம்பல் நிறமாகிவிடும் என்பதால், இங்கே வேகம் தேவை. ஓவனை முதலில் 220 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெயைச் சட்டியோடு உள்ளே வைத்துவிட்டு, முட்டையை அடித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே கிழங்கின் தோலைச் சீவத் தொடங்குங்கள். கிழங்கு இரண்டு, வெங்காயம் அரை என்று மாற்றி மாற்றித் துருவினால் வெங்காயச் சாறு நிறம் மாறுவதைத் தாமதப்படுத்தும். துருவலைச் சல்லடையில் இலேசாக அழுத்திச் சாற்றைக் கீழேயுள்ள கிண்ணத்தில் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் தெளியவிட்டு, மேலே உள்ள நீரைக் கொட்டினால், அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு போல மாவுச்சத்து படிந்திருக்கும். அதை வழித்துத் துருவலிலேயே சேர்த்துவிடுங்கள். தனியாக மாவு போட வேண்டிய தேவை அப்போது இராது. முட்டை, உப்பு, மிளகு சேர்த்துக் கலக்கி, சட்டியில் காய்ந்த எண்ணெயில் பெரும்பகுதியைக் கலவையில் ஊற்றி ஒரு கிளறு கிளறி, மீண்டும் சட்டியில் கொட்டி, 220 டிகிரியில் 20 நிமிடமும் பின்பு 180 டிகிரியில் ஒரு மணி நேரமும் சுடுங்கள். மையத்தில் கத்தியைச் செருகினால் பிசுபிசுப்பின்றி வர வேண்டும். லித்துவேனியர்களும் ஏறத்தாழ இதையே குகெலிஸ் என்ற பெயரில் தங்கள் தேசிய உணவாகக் கொண்டாடுகிறார்கள். பன்றிக் கொழுப்பும் பாலும் சேர்வதால், பெயரில் உறவுள்ள அந்தப் பண்டத்தை மரபு பேணும் யூதர் தொட முடியாது.

பால்பொருள் சேர்ந்த லோக்ஷென் குகெல் ஒன்றும் உண்டு. லோக்ஷென் என்றால் யிட்டிஷில் நூடுல்ஸ். அகல நூடுல்ஸோடு பாலாடைக்கட்டி, புளித்த பாலேடு, சீனி, இலவங்கப்பட்டை, உலர்திராட்சை சேர்த்துச் செய்யும் இது அமெரிக்க யூதர்களிடையே பெருவழக்கு. இறைச்சி இல்லாத விருந்துக்கு மட்டுமே உரியது. புளித்த ஏடும் உலர்திராட்சையும் என் நாக்குக்கு ஒத்துவரவில்லை என்பதால் அளவுகளைத் தர நான் தகுதியானவன் அல்லன். எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகையின் நாட்களில் கோதுமை நூடுல்ஸ் விலக்கப்பட்டிருப்பதால், அப்போது உருளைக்கிழங்குக் குகெலுக்கே முதலிடம்.

பரிமாறும்போது எருசலேம் குகெலை ஆப்பு ஆப்பாக வெட்டி, பக்கத்தில் உப்புநீரில் புளித்த வெள்ளரிப் பிஞ்சை வையுங்கள். சனிக்கிழமை காலைத் தொழுகைக்குப் பின் திராட்சை மதுவின் மேல் வாழ்த்துரை சொல்லி முடித்ததும் தரப்படும் சிற்றுணவில் இந்த இணையைக் காணலாம். ஹசீதியம் என்னும் யூத பக்தி இயக்கத்துக் குருமார்களின் விருந்து மேசையிலோ, குரு தொட்டுக் கொடுக்கும் ஒரு விள்ளலுக்காகச் சீடர்கள் தோளுக்கு மேல் தோளாக எக்கிக் கை நீட்டுவார்கள். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், இழைகள் தொய்ந்துபோகும்; விரல் தடிமனில் துண்டு போட்டு, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில், குறைந்த தீயில் இரண்டு பக்கமும் காட்டி எடுங்கள். உள்ளே உறைந்திருக்கும் கொழுப்பும் சீனியும் கசிந்து, வெட்டிய முகத்தில் புதிதாக ஒரு முறுகல் ஏறும்.